மலை ஏற்றத்தில் கியர் முரண்டு பிடித்தால்: மேனுவலிலும் டூயல் கிளட்சிலும் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பளையிலிருந்து புசல்லாவ, ரம்பொடை, லபுக்கலை என்று ஏறினாலும் சரி, அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று ஏறினாலும் சரி, வழி நெடுக முடக்கும் ஏற்றமும்தான், கிளட்சுக்கு ஓய்வே கிடைக்காது. அதனால்தான் மலையகத்தில் வண்டி கொஞ்சம் நடுங்கினாலோ இழுக்காவிட்டாலோ உடனே "கியர்பொக்ஸ் போச்சு" என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. பெரும்பாலும் போனது கியர்பொக்ஸ் இல்லை. கிளட்ச் சூடாகியிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும், அல்லது அதை அழுத்தும் எண்ணெயில் பிரச்சினை இருக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கராஜில் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். டூயல் கிளட்ச் என்பது வழக்கமான ஓட்டோ கியர் இல்லை. இரண்டு மேனுவல் கியர்பொக்ஸ்களை ஒரே கூட்டுக்குள் வைத்து, 1, 3, 5, 7 ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச், 2, 4, 6 ஆகியவற்றுக்கு இன்னொரு கிளட்ச் என்று கொடுத்து, மிதிக்கும் வேலையைக் கணினியிடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியரை மற்றப் பக்கத்தில் போட்டு வைத்துவிடும், மாற்றும் நேரத்தில் ஒரு கிளட்ச் விட மற்றது பிடிக்கும். கோல்ஃப் ஜிடிஐ, லான்சர் எவோ 10, நிசான் ஜிடி-ஆர் போன்ற வேக வண்டிகளில் மட்டும்தான் இது இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கும் முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட், ஃபிட் ஜிபி5, கிரேஸ் எல்லாவற்றிலும் இருப்பது 7 கியர் டூயல் கிளட்ச்தான்.

இதில் உலர் கிளட்ச், எண்ணெயில் நனைந்த கிளட்ச் என்று இரண்டு வகை உண்டு. வெசலிலும், சிறிய வோக்ஸ்வாகன், ஆவ்டி வண்டிகளில் வரும் டிகியூ200 என்ற கியர்பொக்ஸ் பெட்டியிலும் உலர் கிளட்ச். பழைய கோல்ஃப் ஜிடிஐயில் வரும் 6 கியர் டிகியூ250, எவோ 10இன் எஸ்எஸ்டி என்ற டூயல் கிளட்ச் பெட்டி, ஜிடி-ஆர் எல்லாம் எண்ணெய் வகை. உங்கள் வண்டி எது என்று தெரியாமல் கீழே உள்ள எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கராஜுக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எஞ்சின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, ஏற்றமா இறக்கமா, எந்தக் கியர், கால் எதில் இருந்தது. அப்புறம் 12 வோல்ட் பெட்டரியை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். டூயல் கிளட்ச் வண்டியில் பெட்டரி பலவீனமானால் இல்லாத கோளாறெல்லாம் மீட்டரில் வரும்.

முடக்கில் மிதித்தால் ஒரு கணம் நின்று, பிறகு பாய்கிறது

டூயல் கிளட்ச் வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். ரம்பொடைப் பக்கம் ஒரு கொண்டை ஊசி முடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆம் கியரில் வருகிறீர்கள், பிரேக் பிடித்து வளைக்கிறீர்கள், கணினி நீங்கள் நிதானமாகப் போகப் போகிறீர்கள் என்று கணக்குப் போட்டு 3ஐயோ 5ஐயோ தயாராக வைத்திருக்கிறது, வளைவு முடிந்ததும் நீங்கள் முழு மிதி மிதிக்கிறீர்கள், அதற்கு வேண்டியது 2ஆம் கியர். 4ம் 2ம் ஒரே பக்கத்துக் கியர்கள். நேரடியாக ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக முடியாது, நடுவில் 3ஐப் பிடித்துவிட்டுத்தான் 2க்கு வர வேண்டும். அந்தத் தாமதம்தான் உங்கள் வலது காலுக்குத் தெரிவது. கிளட்ச் தேயவில்லை, பெட்டி கெடவில்லை.

சோதிப்பது சுலபம். லீவரை மேனுவல் பக்கம் தள்ளுங்கள், அல்லது ஸ்டியரிங் பின்னால் இருக்கும் துடுப்பைப் பயன்படுத்துங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே, பிரேக்கில் கால் இருக்கும்போதே, ஒவ்வொன்றாக 2 வரை இறக்கிவிட்டு வளைத்து மிதியுங்கள். தாமதம் காணாமல் போனால் அது பெட்டியின் இயல்பு. மேனுவலில் 2இல் பிடித்து வைத்திருந்தும் தாமதம் வருகிறது என்றால்தான் மேலே தேட வேண்டும், அப்போதும் முதலில் டர்போ காற்றுக் குழாய், அக்சிலேட்டர் சென்சர், பிறகுதான் கிளட்ச்.

இந்த இடத்தில் மேனுவல் வண்டி ஓட்டுபவருக்கு ஒரு சாதகம் இருப்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 4இலிருந்து நேரே 2க்குக் கை போகும், வளைவு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரிவதில்லை. சிவிக் டைப் ஆர் மேனுவலாக மட்டுமே வருகிறது, அதை மலையில் ஓட்டினால் காரணம் புரியும். நேர் ரோட்டில், ஒழுங்காக ஒவ்வொரு கியராக ஏறும் ஓட்டத்தில் டூயல் கிளட்சை எந்தக் கையாலும் முந்த முடியாது என்பதும் உண்மை.

ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இதுதான் உண்மையான ஆபத்து மணி. ஆனால் முதலில் பிரிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் டர்போ இல்லாத எஞ்சின் எதுவாக இருந்தாலும் மேலே வந்ததும் அந்த அளவுக்குச் சோர்ந்துதான் போகும். ஆர்பிஎம் முள்ளும் வேக முள்ளும் இரண்டும் சேர்ந்து மெதுவாக ஏறினால் அது காற்றின் வேலை. ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி மேலே போய் வேகம் அப்படியே இருந்தால் கிளட்ச் ஸ்லிப், அதாவது தட்டு பிடிக்காமல் வழுக்குகிறது.

மேனுவலில் சோதிக்க, வாகனம் குறைவான ஒரு மிதமான ஏற்றத்தில் 4ஆம் கியரில் 2,000 ஆர்பிஎம் அளவில் போய்க்கொண்டிருக்கும்போது முழுதாக மிதியுங்கள். உயர்ந்த கியர், குறைந்த வேகம், எஞ்சினின் முழு இழுவை, மூன்றும் சேரும்போதுதான் தேய்ந்த கிளட்ச் முதலில் தோற்கும். 1ஆம் கியரில் நன்றாக இழுக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், அதில் தெரியாது. ஸ்லிப் ஆனால் உடனே தட்டை மாற்றச் சொல்லாமல் பெடலில் கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் வகையில் தளர்வே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகத்தான் பிடிக்கும். அடுத்தது எஞ்சின் பின்பக்கச் சீல் ஒழுகித் தட்டில் ஒயில் பட்டிருக்கிறதா என்பது. அப்படியானால் தட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுத் தட்டும் அதே வழியில் போகும்.

டூயல் கிளட்சில் இந்தச் சோதனை இன்னும் அழகாக வேலை செய்யும். மேனுவல் முறையில் வைத்து 3இல் ஒருமுறை, 4இல் ஒருமுறை, 5இல் ஒருமுறை அதே மாதிரி மிதித்துப் பாருங்கள். 3, 5 இரண்டிலும் ஸ்லிப் ஆகி 4இல் ஆகாவிட்டால் ஒற்றைப்படைக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. 4, 6இல் மட்டும் என்றால் இரட்டைப்படைக் கிளட்ச். எல்லாக் கியரிலும் ஸ்லிப் என்றால் இரண்டு தட்டும் ஒரே நாளில் தேய்ந்திருக்க வாய்ப்புக் குறைவு, எண்ணெய் அழுத்தம் குறைந்திருக்கிறதா, எண்ணெய் வகையில் என்றால் சரியான எண்ணெய்தான் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு தகவலோடு போனால் கராஜில் எந்த மெக்கானிக் பாஸும் உங்களை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எஞ்சினின் கணினியை மாற்றி இழுவையைக் கூட்டியவர்கள் கவனிக்க வேண்டும். டிகியூ200 பெட்டி 250 நியூட்டன் மீட்டர் இழுவை வரைக்கும் செய்யப்பட்டது, டிகியூ250 பெட்டி 350 வரைக்கும். எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டால் மலையில் அது வெளியே வந்தே தீரும்.

சீசன் நெரிசலில் நடுங்குகிறது, பிறகு எச்சரிக்கை வருகிறது

ஏப்ரல் சீசனில் லபுக்கலையிலிருந்து நுவரெலியா டவுன் வரைக்கும் வாகனங்கள் ஊர்ந்து போவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஏற்றம், ஊர்தல், நிற்றல், மறுபடி ஊர்தல். உலர் கிளட்சுக்கு இதைவிட மோசமான சூழல் கிடையாது. தட்டுகளில் உண்டாகும் சூட்டை எடுத்துப்போக எண்ணெய் இல்லை, கூட்டுக்குள் இருக்கும் காற்று மட்டும்தான். மெதுவாக ஊரும் ஒவ்வொரு அடியும் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்கிப் போவதுதான்.

வெசல் வகை ஹைபிரிட்டில் இன்னொரு சிக்கல் சேருகிறது. மின்மோட்டார் ஒற்றைப்படைப் பக்கத்து அச்சில் இருப்பதால் ஹைபிரிட் பெட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை நகரத் தொடங்குவதை மோட்டாரே பார்த்துக்கொள்ளும், கிளட்சுக்கு வேலை குறைவு. ஏற்ற நெரிசலில் சார்ஜ் இறங்கிவிட்டால் எஞ்சின்தான் கிளட்ச் வழியாக வண்டியை நகர்த்த வேண்டும். "முதல் அரை மணி நேரம் நன்றாக வந்தது, அப்புறம் நடுங்க ஆரம்பித்தது" என்பவர்கள் அந்த நேரத்தில் பெட்டரிக் கட்டங்கள் எத்தனை இருந்தன என்று நினைத்துப் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டிகளில் எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில் வரும், அது என்ன சொல்கிறது என்றே தெரியாமல் தொடர்ந்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். வண்டி நின்ற பிறகு ஃபோனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். சூடு எச்சரிக்கை என்றால் செய்ய வேண்டியது: ஓரமான, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை ஓட விட்டு, எச்சரிக்கை அணையும்வரை காத்திருப்பது. எண்ணெய் வகையில் எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றும், எஞ்சினை அணைத்துவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் ஊற்றுவது, பொனட்டைத் திறந்து விசிறுவது எதுவும் வேண்டாம்.

நெரிசலில் ஓட்டும் முறை இதைவிட முக்கியம். முன்னால் வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நீங்களும் ஒரு அடி நகர வேண்டாம், இரண்டு வண்டி இடைவெளி விழட்டும், அப்புறம் பிரேக்கை முழுதாக விட்டு ஒரே சீராக நகர்ந்து, மறுபடி முழுதாகப் பிரேக் பிடியுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் கிளட்ச் முழுதாக விடும், ஓய்வெடுக்கும். ஏற்றத்தில் அக்சிலேட்டரை இலேசாக மிதித்தே வண்டியைப் பின்னால் போகாமல் நிறுத்தி வைக்கும் பழக்கம் மேனுவலையும் கொல்லும், டூயல் கிளட்சையும் கொல்லும். நடுவில் புகுந்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்தான். புகுந்தால் புகட்டும், கிளட்ச் தட்டு அதைவிட விலை.

மறுநாள் காலையில், எஞ்சின் குளிர்ந்த நிலையில், சமதரையில் நகர்த்திப் பாருங்கள். நடுக்கம் இல்லை என்றால் அது சூடு மட்டும்தான், பழக்கத்தை மாற்றினால் போதும். குளிரிலும் நடுங்கினால் தட்டு பளபளத்துப் போயிருக்கலாம், எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் சூட்டுத் தழும்பு இருக்கலாம். மேனுவலில் நடுக்கத்துக்கு எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருப்பதும் அடிக்கடி காரணமாக இருக்கிறது, அது மலிவான வேலை, அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மகாகஸ்தோட்ட, ரதல்ல மலையேற்றப் பந்தயங்களைப் பார்த்துவிட்டு லாஞ்ச் கண்ட்ரோலைப் பழகிப் பார்க்கும் இளைஞர்களுக்கும் இதே பேச்சுத்தான். அது கிளட்சை முழு இழுவையில் வழுக்கவிட்டுப் புறப்படும் முறை. எவோ 10இன் எஸ்எஸ்டி எண்ணெய் வகையாக இருந்தும் அடுத்தடுத்துச் செய்தால் சூடாகி எச்சரிக்கை போட்டு நிறுத்திவிடும்.

காலைக் குளிரில் கியர் விழவில்லை

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் காலைகள் உண்டு. அப்போது மேனுவலில் 2ஆம் கியர் கடினமாக விழுவதும் இலேசாகக் கடிப்பதும் எண்ணெய் கெட்டியாக இருப்பதால். பத்து நிமிட ஓட்டத்தில் சரியாகிவிட்டால் எண்ணெயை மாற்றுங்கள், பெட்டியை இறக்க வேண்டாம். ஆனால் சரியான எண்ணெய். ஜிஎல்-4 தர எண்ணெய் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், கியர் விழ உதவும் பித்தளைச் சிங்க்ரோ வளையம் வேகத்தைச் சமப்படுத்தச் சிரமப்படும், சில எண்ணெய்கள் பித்தளையை அரிக்கவும் செய்யும்.

சூடான பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ. எல்லாக் கியரும் கடிக்கிறது, ரிவர்ஸ் கரகரக்கிறது, ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டால் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றால் பெட்டியில் ஒன்றுமில்லை, கிளட்ச் முழுதாக விடவில்லை. பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது விழுந்தால் கிளட்ச் எண்ணெய் லைனில் காற்று, அல்லது அந்த எண்ணெயைத் தள்ளும் மேல் சிலிண்டரோ கீழ்ச் சிலிண்டரோ ஒழுகுகிறது. இதற்காகக் கியர்பொக்ஸை இறக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

இறக்கத்தில் வரும் தொல்லைகள்

மேனுவலில் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது என்றால் அன்றோடு அந்த வண்டியை இறக்கத்தில் ஓட்டுவதை நிறுத்துங்கள். நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு வீதியில் இறங்குகிறவர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது, அந்தச் சரிவு அப்படி. காரணம் கியரைப் பூட்டிப் பிடிக்கும் ஸ்லீவின் பற்கள் தேய்ந்திருப்பது, அதைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருப்பது, அல்லது மவுண்ட் தளர்ந்து எஞ்சின் ஆடும்போது லீவரின் லிங்கை இழுப்பது. மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் லீவர் முன்னும் பின்னும் கணிசமாக ஆடினால் மவுண்டில் தொடங்குங்கள்.

டூயல் கிளட்சில் துடுப்பை இழுத்தும் கியர் இறங்கவில்லை என்ற புகார் வரும். அந்தக் கியர் போட்டால் எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும் என்று கணினி மறுக்கிறது, அது பாதுகாப்பு. மேனுவலில் 5இலிருந்து 4க்கு என்று நினைத்து 2இல் போட்டுவிட்டால் எஞ்சினைச் சக்கரமே பிடித்துச் சுற்றும், வால்வு வளையும்வரை போகும், எந்த லிமிட்டரும் காப்பாற்றாது. மலையில் வேகமாக ஓட்டுகிறவருக்கு டூயல் கிளட்ச் தரும் பெரிய பாதுகாப்பு என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஹைபிரிட்டில் நீண்ட இறக்கத்தின் நடுவே எஞ்சின் திடீரென்று சத்தம் போட்டுச் சுழன்றால், பெட்டரி நிறைந்து இனி மின்சாரமாக மாற்றி வேகத்தைக் குறைக்க இடமில்லை, எஞ்சின் அந்த வேலையை ஏற்றிருக்கிறது என்று அர்த்தம். கோளாறில்லை.

கருகிய வாசனை வந்தால் இறங்கி முகர்ந்து பாருங்கள். சக்கரப் பக்கம் என்றால் பிரேக், முன்பக்கம் நடுவிலிருந்து என்றால் கிளட்ச்.

பாதிக் கியர்கள் காணாமல் போகின்றன, அல்லது ரிவர்ஸ் இல்லை

டூயல் கிளட்சில் கோளாறு ஒரு பக்கத்தில் என்றால் கணினி அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மற்றப் பக்கத்துக் கியர்களில் மட்டும் வீடுவரை கொண்டுபோக முயலும். டிகியூ200இல் ரிவர்ஸ் இரட்டைப்படைக் கிளட்சில் இருக்கிறது, டிகியூ250இல் ஒற்றைப்படையில். அந்தப் பக்கம் போனால் ரிவர்ஸும் போகும். ஆகவே மீட்டரில் கியர் எழுத்து மின்னத் தொடங்கியதும், முன்னோக்கியே வெளியே எடுக்கக்கூடிய இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், தோட்டத்து ஒற்றைப் பாதை முனையில் கொண்டுபோய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

டிகியூ200இல் இதற்கு அடிக்கடி காரணமாவது, கணினியும் எண்ணெய் வால்வுகளும் சேர்ந்து கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் பகுதி. அதில் எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கும் குடுவை உட்காரும் இடம் விரிசல் விட்டு அழுத்தம் போய்விடுகிறது. பெட்டியின் பல்லோ தட்டோ நன்றாகவே இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி ஒன்று வாங்கி மாற்றிவிடலாம் என்று தோன்றும், 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் பலரும் அப்படித்தான் சமாளித்தார்கள். ஆனால் பகுதி எண்ணும் மென்பொருளும் ஒத்துப்போகாத மெக்கட்ரானிக் உங்கள் வண்டியில் பேசாது. பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சத்தங்கள்

மேனுவலில் நியூட்ரலில் சத்தம் இருந்து கிளட்ச் மிதித்தால் நின்றால் உள்ளீட்டு அச்சு பெயரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பெயரிங். டூயல் கிளட்சில் அணைக்கும்போது கடகடவென்று அடித்தால் ஃப்ளைவீலைப் பாருங்கள்.

வேலை செய்து எடுத்த பிறகும் நடுங்குகிறது

புதுக் கிளட்ச் போட்ட டூயல் கிளட்ச் வண்டி நடுங்கினால் பெரும்பாலும் தட்டில் குறையில்லை. எந்த இடத்தில் தட்டு பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கணினி பழைய தட்டின் கணக்கிலேயே வைத்திருக்கிறது. ஸ்கேனரைப் போட்டு அடிப்படை அமைப்பைப் புதிதாகச் செய்து, பிறகு பழகும் ஓட்டம் ஒன்று ஓட்ட வேண்டும். கோளாறுக் குறியை அழிப்பதற்கு மட்டும் உதவும் சிறிய ஸ்கேனரால் இது முடியாது, எனவே வேலை கொடுக்கும் முன்பே "அடிப்படை அமைப்பு செய்வீர்களா பாஸ்" என்று கேட்டுவிடுங்கள். எண்ணெய் வகையில் அளவையும் கேளுங்கள்: டிகியூ250இல் எண்ணெய் 35 முதல் 45 பாகை சூட்டில் இருக்கும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற வேண்டும். பழகும் ஓட்டத்துக்கு ஏற்றம் இறக்கம் உள்ள ரோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கராஜ் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்தால், அந்தப் பகுதியில் கிடைக்கும் ஓரளவு சமமான துண்டு ஒன்றில், வாகனம் குறைந்த அதிகாலையில், ஒவ்வொரு கியராக நிதானமாக ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்லுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து போங்கள்.